முதல் டிவிஷன் கூப்பிட்டும் போகாதவர்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலிருந்து காரில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் மெசையா பல்கலைக்கழகம் வந்துவிடும். பிரதரன் இன் கிறைஸ்ட் என்ற சிறிய கிறித்தவ சபை 1909-ல் தொடங்கியது. 2020 வரை மெசையா கல்லூரி என்றுதான் பெயர். இளநிலை மாணவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அமெரிக்காவிலேயே பலர் கேள்விப்படாத இந்த இடம், 2000 முதல் 2017 வரையிலான 18 பருவங்களில் ஆண்கள் கால்பந்தில் 11 முறை தேசிய சாம்பியன் ஆனது. 2004, 2005, 2006 என்று தொடர்ந்து மூன்று முறை, அப்புறம் 2008, 2009, 2010 என்று மறுபடியும் மூன்று முறை. 2005, 2008, 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் பெண்கள் அணியும் கூடவே பட்டம் வென்றது.

இந்த அணிகளில் ஆடிய ஒருவருக்கும் கால்பந்துக்காகக் கல்லூரி ஒரு டாலர்கூடக் கொடுத்ததில்லை. நினைத்தாலும் கொடுக்க முடியாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் டிவிஷனில் இருக்கிறது மெசையா. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தரக் கூடாது என்பது விதி. தொலைக்காட்சி வெளிச்சமும் இல்லை. வெளியூர் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் பஸ் பயணம்தான். இருந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மெசையா மாதிரி இன்னும் பல இடங்கள் உண்டு. 17 வயதில் இதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை என்ன கணக்குப் போடுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். ஐரோப்பிய லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு டிவிஷன் என்றதும் தரவரிசைதான் ஞாபகத்துக்கு வரும். இங்கே அப்படி இல்லை. 1973-ல் என்சிஏஏ கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தபோது, விளையாட்டுக்கு எவ்வளவு பணம் செலவழிக்கிறாய், எத்தனை ஸ்காலர்ஷிப் தருகிறாய் என்பதுதான் அளவுகோல். ஜெயித்தால் மேலே ஏறுவது, தோற்றால் கீழே இறங்குவது என்பதெல்லாம் கிடையாது. பத்துப் பட்டம் வாங்கினாலும் மெசையா மூன்றாம் டிவிஷன்தான். எம்ஐடியும் சிகாகோ பல்கலைக்கழகமும் மூன்றாம் டிவிஷன்தான். அதே சமயம், விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத ஹார்வர்டும் யேலும் முதல் டிவிஷன். சராசரியாகப் பார்த்தால் முதல் டிவிஷன் ஆட்டம் வேகமானது, உடல் வலு அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாம் டிவிஷனின் முதல் இருபது அணிகளை முதல் டிவிஷனின் கடைசி அணிகளோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. 350-க்கும் மேற்பட்ட முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்களில் ஆண்கள் கால்பந்து அணி வைத்திருப்பவை சுமார் 200 மட்டுமே. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்களுக்குக் கல்லூரியின் அதிகாரபூர்வ கால்பந்து அணி கிடையாது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் இல்லை. புளோரிடா பல்கலைக்கழகத்திலும் புளோரிடா ஸ்டேட்டிலும் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே நூறு ஆண்களை இழுத்துக்கொள்கிறது. ஆண், பெண் வாய்ப்புகள் சமமாக இருக்க வேண்டும் என்கிற 1972-ஆம் ஆண்டு டைட்டில் நைன் சட்டத்துக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து பல பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்கள் கால்பந்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. டெக்சாஸில் பிறந்து வளர்ந்து, சொந்த மாநிலத்திலேயே படித்துக்கொண்டு ஆட நினைக்கும் ஒரு பையனுக்கு முதல் டிவிஷனில் நாலைந்து கதவுகள்தான் இருக்கின்றன. சான் அன்டோனியோவில் உள்ள டிரினிட்டி பல்கலைக்கழகம் 2003-ல் மூன்றாம் டிவிஷன் பட்டம் வென்றதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு நிலைமை வேறு. முதல் டிவிஷனில் 300-க்கும் மேற்பட்ட அணிகள் இருப்பதால் இந்த நெருக்கடி அவ்வளவாக இல்லை.

பணம்

"ஃபுல் ஸ்காலர்ஷிப்பில் ஆடப் போகிறான்" என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கிறது. ஆண்கள் கால்பந்தில் அது அபூர்வம். பல ஆண்டுகளாக முதல் டிவிஷன் ஆண்கள் அணி ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த ஸ்காலர்ஷிப் 9.9 பேருக்கான முழுத் தொகைதான், அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பெண்கள் அணிக்கு 14. அணியில் 28 பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பையனுக்குச் சராசரியாக 35 சதவீதம் வருகிறது. கோச் அதைச் சமமாகப் பிரிக்க மாட்டார் என்பது வேறு விஷயம். நல்ல கோல்கீப்பருக்கும் கோல் அடிப்பவருக்கும் பெரிய துண்டு போகும். முதலாமாண்டு பையனுக்குப் புத்தகச் செலவுக்கு வந்தாலே பெரிது. அந்த 9.9-ஐயும் முழுமையாகக் கொடுக்கப் பணமில்லாத அணிகளும் இருந்தன.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தனியார் பல்கலைக்கழகம், தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 டாலர். கோச் 30 சதவீதம் தருகிறார், அதாவது 25,500. மீதி 59,500 வீட்டிலிருந்து போக வேண்டும். இப்போது எதிர்ப்பக்கம் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ் போன்ற ஒரு கல்லூரியை வையுங்கள். மூன்றும் மூன்றாம் டிவிஷன். கால்பந்துக்குப் பணம் கிடையாது, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து, கட்ட முடியாத பகுதியைக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். நடுத்தர வருமானமுள்ள வீட்டுக்கு இந்த இரண்டாவது பில் முதலாவதைவிட நன்றாகவே குறைந்து வரலாம். வருமானம் அதிகமுள்ள வீட்டுக்கு ஒரு சலுகையும் இல்லை, முழுத் தொகையும் கட்ட வேண்டியதுதான். மெசையா போன்ற இடங்களில் மதிப்பெண்ணுக்கென்றும் தனியாக உதவித்தொகை உண்டு.

தொகையைவிட முக்கியமான ஒன்றைப் பெற்றோர்கள் பலர் கேட்பதேயில்லை. அந்தப் பணம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது? முதல் டிவிஷன் ஸ்காலர்ஷிப் பல இடங்களில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. கோச் மாறினால், ஆட்டம் இறங்கினால், அடுத்த ஆண்டு தொகை என்ன ஆகும் என்ற பயம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாம் டிவிஷன் மாணவருக்குக் கிடைப்பது படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்குமான உதவி. முழங்கால் தசைநார் கிழிந்து இரண்டாம் ஆண்டிலேயே ஆட்டம் முடிந்துபோனாலும் அந்த உதவி அப்படியே தொடரும். இது ஒன்றே பல வீடுகளில் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

நிமிடங்கள்

ஆனால் பணத்தைவிடப் பையன்களும் பெண்களும் பேசுவது மைதானத்தில் நிற்கும் நேரத்தைப் பற்றித்தான்.

முதல் டிவிஷன் ஆண்கள் அணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். ஜெர்மனியிலும் நார்வேயிலும் இங்கிலாந்திலும் கிளப் அகாடமிகளில் வளர்ந்து, தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்காமல், 19, 20 வயதில் அமெரிக்கக் கல்லூரிக்கு வருபவர்கள். பள்ளி முடித்த 18 வயதுப் பையன் அவர்களோடு மோதி இடம் பிடிக்க வேண்டும். இதற்கு மேல் 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயரைப் பதியும் இணையப் பட்டியல். ஒரு முறை கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்பது 2021-ல் எல்லா விளையாட்டுகளுக்கும் பொது விதியானது, 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. கோவிட் பருவத்துக்காக எல்லோருக்கும் ஓர் ஆண்டு கூடுதலாகவும் கொடுத்தார்கள். கோச்சின் இடத்திலிருந்து பாருங்கள். 18 வயதுப் பையனை எடுத்து இரண்டு ஆண்டுகள் வளர்ப்பதா, வேறு கல்லூரியில் ஏற்கெனவே 10 கோல் அடித்த 21 வயது ஆளைப் போர்ட்டலிலிருந்து எடுப்பதா? வேலை போகும் பயத்தில் இருப்பவர் இரண்டாவதைத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

இதனால் பள்ளி முடித்து வருகிற பையனுக்கு முதல் ஆண்டு பெஞ்ச், இரண்டாம் ஆண்டு பெஞ்ச் அல்லது கடைசிப் பத்து நிமிடம், மூன்றாம் ஆண்டில் அவன் இடத்துக்குப் போர்ட்டலிலிருந்து ஒருவர். 18 முதல் 20 வயது வரை ஆட்டக்காரர் வளரும் காலம். அந்தக் காலத்தில் போட்டி ஆட்டமே ஆடாமல் பயிற்சி மட்டும் செய்பவர் என்ன ஆவார்?

இந்த இடத்தில் கிறிஸ் வாண்டலாவ்ஸ்கியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வட கலிபோர்னியாவில் இரண்டாம் டிவிஷனில் இருக்கும் சிக்கோ ஸ்டேட்டில் 2001 முதல் 2004 வரை ஆடினார். 2003-ல் அந்த அணி தேசிய இறுதிப்போட்டிவரை போய், புளோரிடாவின் லின் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான எம்எல்எஸ்ஸின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2005-ல் அதன் துணை டிராஃப்டில் 41-ஆவது ஆளாக சான் ஹோசே எர்த்குவேக்ஸ் எடுத்தது. அந்த வரிசையில் எடுக்கப்படுபவர்களில் பலர் ஒரு பருவம்கூடத் தாண்டுவதில்லை. இவரும் முதல் ஐந்து ஆண்டுகள் பெரும்பாலும் ரிசர்வ் அணியிலும் மாற்று ஆட்டக்காரராகவுமே கழித்தார். 2010-ல் 18 கோல் அடித்து லீக்கின் அதிக கோல் விருது. 2012-ல் 27 கோல், ராய் லாசிட்டரின் 1996-ஆம் ஆண்டுச் சாதனைக்குச் சமம். 2019 மே மாதம் சிகாகோ ஃபயருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்து லாண்டன் டொனோவனின் 145 என்ற சாதனையைத் தாண்டினார். 2021-ல் ஓய்வு பெற்றபோது 171 கோல். 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தவறவிட்ட கோலைத்தான் பலர் இன்னும் பேசுகிறார்கள், அது வேறு கதை.

வாண்டலாவ்ஸ்கியைப் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் வரிசையில் நின்று துரத்தின, அவர் வேண்டாம் என்று சொன்னார் என்று நான் சொல்லவில்லை. "சிறிய கல்லூரியை நானே தேர்ந்தெடுத்தேன்" என்று சொல்பவர்களில் ஒரு பகுதி, முதல் டிவிஷனிலிருந்து போன் வராதவர்கள்தான். வந்த போனும் "வா, இடம் தருகிறேன், பணம் இல்லை, ஆட வைப்பேன் என்று சொல்ல முடியாது" என்ற வகையாக இருந்திருக்கும். அதை மறுத்ததையும் தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும், கட்டாயத்தில் செய்த தேர்வு என்றாலும்கூட. கவனிக்க வேண்டியது, நான்கு ஆண்டுகளும் அவர் ஆடினார் என்பதை.

படிப்பு

டெஷோ அகிண்டெலே கனடாவின் கால்கரியில் பிறந்து கொலராடோவில் வளர்ந்தவர். படித்தது கோல்டன் நகரத்தில் உள்ள கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸில், எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங். சுரங்கத் தொழிலுக்காகத் தொடங்கப்பட்ட பொறியியல் பல்கலைக்கழகம் அது. கால்பந்தில் இரண்டாம் டிவிஷன். 2014 எம்எல்எஸ் சூப்பர் டிராஃப்டில் எஃப்சி டல்லாஸ் அவரை ஆறாவது ஆளாக எடுத்தது. முதல் டிவிஷன் நட்சத்திரங்கள் பலர் அவருக்குப் பிறகுதான் எடுக்கப்பட்டார்கள். அந்தப் பருவத்திலேயே 7 கோல் அடித்து லீக்கின் சிறந்த புதுமுக விருதையும் வாங்கினார், பிறகு கனடா தேசிய அணிக்கும் ஆடினார். 2023-ல், முப்பதைத் தாண்டிய உடனே, கட்டுமான நில மேம்பாட்டுத் தொழிலுக்குப் போவதாகச் சொல்லி ஓய்வு பெற்றார்.

பொறியியலும் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பும் எடுப்பவர்களுக்கு மதியம் லேப் இருக்கும். கால்பந்துப் பயிற்சியும் மதியம்தான். முதல் டிவிஷனில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று விதி இருக்கிறது. ஆனால் பயணம், சிகிச்சை, 'விருப்பப்பட்டு' செய்யும் ஜிம் எல்லாம் அந்த 20-க்குள் வராது. வசந்த காலத்திலும் பயிற்சி உண்டு. லேப் இருக்கும் பாடத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள் என்று ஜாடையாகச் சொல்லப்படும் இடங்களும் உண்டு. மூன்றாம் டிவிஷனில் பருவத்துக்கு வெளியே பயிற்சி நாட்கள் மிகக் குறைவு. லேப் முடித்துவிட்டு அரை மணி தாமதமாகப் பயிற்சிக்கு வந்தால் கோச் முகத்தைச் சுளிக்க மாட்டார், குறைந்தபட்சம் வெளிப்படையாக. வசந்தத்தில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு ஆகஸ்டில் திரும்பி வந்து ஆடலாம்.

இதற்கு அடியில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. எம்எல்எஸ் கிளப்புகள் சொந்த அகாடமியில் வளர்த்தவர்களை 16, 17 வயதிலேயே ஒப்பந்தம் செய்கின்றன. 2022-ல் எம்எல்எஸ் நெக்ஸ்ட் புரோ என்ற, வளரும் ஆட்டக்காரர்களுக்கான லீக்கும் வந்துவிட்டது. உண்மையிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகப் போகிறவர்கள் பலர் கல்லூரிப் பக்கமே வருவதில்லை. கல்லூரிக்கு வருபவர், முதல் டிவிஷனாக இருந்தாலும், 22 வயதில் ஏதாவது வேலைக்குப் போகப் போகிறவர். அப்படியிருக்கும்போது ஆம்ஹர்ஸ்ட் பட்டமா, பெயர் தெரியாத முதல் டிவிஷன் பல்கலைக்கழகப் பட்டமா என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடுகிறது.

அந்த ஆம்ஹர்ஸ்டுக்குள் நுழைவதற்குத்தான் கால்பந்து கைகொடுக்கிறது. இந்தப் பெயர்பெற்ற கல்லூரிகளில் விண்ணப்பிப்பவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. பள்ளியின் கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடையில், ஜூலை மாதம், கோச் தனக்குப் பிடித்த பையனின் மதிப்பெண் பட்டியலை வாங்கிக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்புவார். அலுவலகம் பார்த்துவிட்டு, வாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்று கோச்சிடம் சொல்லும். இதற்கு முன்பார்வை என்று பெயர். பச்சைக்கொடி காட்டினால், "முன்கூட்டியே விண்ணப்பி, நான் சிபாரிசு செய்கிறேன்" என்பார் கோச். அந்த விண்ணப்பம் கட்டுப்படுத்தும் வகை, இடம் கிடைத்தால் வேறு எங்கும் போக முடியாது. நவம்பரில் அனுப்பினால் டிசம்பர் நடுவில் முடிவு. நம்மூர் விளையாட்டு ஒதுக்கீடு மாதிரி அரசாணையும் சான்றிதழ் மதிப்பெண்ணும் கிடையாது, எழுத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரு கோச்சுக்கு இப்படித் தள்ளிவிடக்கூடிய பெயர்கள் சிலதான். அந்தச் சிலரில் ஒருவராக இருப்பதற்காக முதல் டிவிஷன் அழைப்பை விட்டுக்கொடுப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகவே படுகிறது.

ஆட்டம்

திரும்ப மெசையாவுக்கு வருவோம். படிப்பின் பெயரால் மட்டும் அதை விளக்க முடியாது, அது ஆம்ஹர்ஸ்ட் அல்ல. நம்பிக்கை சார்ந்த குடும்பங்களுக்கு அது கிறித்தவக் கல்லூரி என்பது ஒரு காரணம். மற்றது ஆட்டம்தான். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரலாம். இரண்டாம் பாதியில் ஒரு முறை மறுநுழைவு உண்டு. எனவே களைத்தவரை எடுத்துவிட்டு ஓடக்கூடியவரை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். நீளமாக உதைத்து, துரத்தி, மூச்சுமுட்ட அழுத்துகிற ஆட்டத்துக்கு இந்த விதி ஏற்றது. பல முதல் டிவிஷன் அணிகள் அப்படித்தான் ஆடுகின்றன. மெசையா பந்தைத் தரையில் வைத்து, குட்டி பாஸ்களில் நகர்த்தும் அணி என்று பெயரெடுத்தது. உயரமும் வேகமும் குறைவு என்று வேறு இடங்களில் தட்டிக்கழிக்கப்பட்ட, ஆனால் காலில் பந்து பேசும் பையன்களுக்கு அது சொந்த வீடு மாதிரி.

அதோடு கோச்சுகளின் தொடர்ச்சி. லேட்டன் ஷூமேக்கருக்குப் பிறகு 1997-ல் டேவ் பிரான்ட் வந்தார், ஆறு பட்டம். அவர் 2009-ல் கடற்படை அகாடமிக்கு, அதாவது முதல் டிவிஷனுக்கு, போனார். பிராட் மெக்கார்ட்டி பொறுப்பேற்ற அந்த முதல் பருவத்திலேயே மெசையா மீண்டும் சாம்பியன். ஆள் மாறியும் பழக்கம் மாறவில்லை. இதே தொடர்ச்சியை ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1977-லிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஜே மார்ட்டின் ஒரே ஆளாகக் கொடுத்தார். எல்லா டிவிஷன்களையும் சேர்த்து ஆண்கள் கால்பந்தில் 700 வெற்றியை எட்டிய முதல் கோச் அவர். பட்டம் 1998-லும் 2011-லும்.

ஜெயிப்பதே ஓர் ஈர்ப்பு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முதல் டிவிஷனில் கடைசி வரிசை அணியில் ஆடுபவர் நவம்பர் தொடக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிடுவார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள் 2022 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலம் சேலத்தில் வில்லியம்ஸ் கல்லூரியை 2-0 என்று தோற்கடித்துக் கோப்பையோடு நின்றார்கள். 22 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லை. கோச் ஜூலியான் சிட்ச்சுக்கு அது முதல் பருவம். ஆண்கள் கால்பந்தில் என்சிஏஏ பட்டம் வென்ற முதல் பெண் கோச் அவர். டஃப்ட்ஸ் 2014, 2016, 2018, 2019 என்று ஆறு ஆண்டுகளில் நான்கு பட்டம் எடுத்தது. தேசிய இறுதிப்போட்டி ஆடுவது என்பது வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம், எந்த டிவிஷனாக இருந்தாலும்.

எதிர்வாதம் உண்டு. மூன்றாம் டிவிஷன் பருவம் சிறியது. தொழில்முறைக் கிளப்பின் கண்ணில் பட வேண்டுமென்றால் கோடையில் யுஎஸ்எல் லீக் டூ மாதிரி அமெச்சூர் லீக்குகளில் ஆடித்தான் ஆக வேண்டும். எல்லா டிவிஷன் ஆட்களும் அங்கே கலந்து ஆடுகிறார்கள் என்பது ஓர் ஆறுதல். தன்னைவிடப் பலவீனமானவர்களோடு தினமும் பயிற்சி செய்து தேங்கிப்போகும் ஆபத்தும் உண்மை. 16 வயதில் தேசிய அணிக் கூப்பிடலில் இருக்கிற பெண்ணுக்கு நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுச் சிறிய கல்லூரிக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன். 22 முறை என்சிஏஏ பட்டம் வென்ற அந்தச் சூழலை வேறு இடத்தில் உண்டாக்க முடியாது.

கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஹவுஸ் சமரசம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. அதில் சேர்ந்த முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய்விட்டது. நினைத்தால் அணி முழுவதற்கும் கொடுக்கலாம். பதிலுக்கு அணியின் அளவுக்கு வரம்பு வந்திருக்கிறது. கால்பந்துக்கு 28 பேர். காகிதத்தில் இது நல்ல செய்தி. நடைமுறையில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் பணத்தைக் கொட்டிய பிறகு ஆண்கள் கால்பந்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பணமில்லாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டு உழைத்து, மூன்றாம் ஆண்டில் இடம் பிடிக்கும் 29-ஆவது, 30-ஆவது ஆளுக்கு அங்கே இனி நாற்காலி இல்லை. அந்த ஆட்டக்காரர்கள் கீழே வரத்தான் போகிறார்கள், மூன்றாம் டிவிஷன் பெஞ்சும் நெருக்கமாகும்.

அதனால் இப்போது கல்லூரி தேடும் வீடுகள், கோச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கூடவே ஒரு வேலையையும் செய்யலாம். ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆட்டங்களின் விவரத்தை இணையத்தில் போடுகிறது: யார் தொடக்கத்தில் ஆடினார்கள், யார் மாற்றாக வந்தார்கள், பல இடங்களில் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பதுவரை. கடந்த மூன்று பருவங்களை எடுத்து, பள்ளியிலிருந்து நேராக வந்த முதலாமாண்டு ஆட்டக்காரர்களின் பெயரை மட்டும் தேடுங்கள். அடுத்த பருவப் பட்டியலில் அதே பெயர்கள் இன்னும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு கல்லூரிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.